மாற்றுப் பார்த்த கதை

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கையோடு பதில் போட்டிருக்க வேண்டும். இடது கண்ணில் புரை எடுத்துவிட்டு, குனியாதே, கனம் தூக்காதே, படிக்காதே என்று ஏகப்பட்ட 'ஆதே'க்களோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நேற்றுதான் புதுக் கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு முதலில் படித்தது உன் கடிதத்தைத்தான். இத்தனை வருஷத்தில் உன் 'ழ' மட்டும் மாறவே இல்லை. அதன் வால் இன்னமும் அடுத்த வரிக்குள் போய் நிற்கிறது.

மகள் வேலை மாறியது, உன் முட்டி வலி, அவருடைய ஓய்வுக்கால அட்டவணை எல்லாம் படித்துச் சிரித்தேன். அதற்கெல்லாம் தனியாகப் பதில் வரும். கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருந்தாயே, அதுதான் இரண்டு நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. முப்பதாவது கல்யாண நாள், இருபது பேர், "ஷாம்பெயின் வேண்டாம், பேருக்கே பாதிக் காசு போகிறது, அதற்கு மாற்றாக நல்லதாக ஒன்று சொல்லு" என்று.

'மாற்று' என்று எழுதினாய் பார், அந்தச் சொல்லில்தான் சிக்கிக்கொண்டேன். பொன்னை உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பதற்கும் மாற்றுப் பார்ப்பது என்றுதானே பேர்? போன மாதம், கண்ணுக்குக் கத்தி வைப்பதற்கு முன்னால், நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்து அந்த வேலையைத்தான் செய்தோம். நாலு பாட்டில். நாலுமே குமிழி ஒயின். ஒன்று ஷாம்பெயின், ஒன்று பிரான்சின் பர்கண்டி வட்டாரத்து க்ரெமான், ஒன்று ஸ்பெயினின் ரிசர்வா காவா, ஒன்று இத்தாலியின் ப்ரொசெக்கோ. கழுத்துத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, செய்தித்தாளில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, மேலே 1, 2, 3, 4. சுற்றியவர் என் கணவர். அவர் வாயிலிருந்து ரகசியம் வராது.

நான் இரண்டாம் எண்ணை முகர்ந்த உடனே "இதுதான் ஷாம்பெயின்" என்றேன். எத்தனை வருஷம் இதைப் படித்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா என்ற தோரணையில். தாளைப் பிரித்தால் அது க்ரெமான். சரியாகச் சொன்னது யார் தெரியுமா? குடிக்கவே குடிக்காத என் நாத்தனார். மூக்கை மட்டும் நாலு கண்ணாடிக்குள்ளும் விட்டு எடுத்து, "மூணாவதில் ரொட்டி சுட்ட வாசனை வருது" என்றாள். மூன்றாவதுதான் ஷாம்பெயின். அவ்வளவுதான். அன்றைக்கு முழுவதும் என்னை நிமிரவிடவில்லை.

அவள் முகர்ந்த அந்த ரொட்டி வாசனையில்தான் விஷயமே இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேள்.

ஷாம்பெயின் முதலில் குமிழி இல்லாத, புளிப்பான, சாதாரண வெள்ளை ஒயின்தான். அதைப் பாட்டிலில் ஊற்றி, கூடவே கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து மூடிவிடுவார்கள். மூடிய பாட்டிலுக்குள் அது மறுபடி நொதிக்கும். வரும் கரியமில வாயுவுக்குப் போக வழியில்லை, ஒயினுக்குள்ளேயே கரைந்துவிடும். உள்ளே அழுத்தம் ஐந்தாறு வளிமண்டலம் வரை ஏறும். கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு. வேலை முடிந்த ஈஸ்ட் செத்து அடியில் வண்டலாகப் படியும். அந்த வண்டலோடு ஒயின் எத்தனை நாள் கிடக்கிறதோ அத்தனைக்கு அத்தனை ரொட்டி, பிஸ்கட், வறுத்த கொட்டை மாதிரியான வாசனை ஏறும். ஷாம்பெயினுக்குச் சட்டப்படி குறைந்தது 15 மாதம் நிலவறையில் கிடக்க வேண்டும், அதில் 12 மாதம் வண்டலோடு. ஆண்டு போட்டு விற்பதென்றால் 3 வருஷம். அப்புறம் பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தலைகீழாக்கி, வண்டலைக் கழுத்துக்கு இறக்கி, கழுத்தை மட்டும் உறைய வைத்துத் திறந்தால் பனிக்கட்டியோடு வண்டல் தெறித்து வெளியே வந்துவிடும். குறைந்த இடத்தை ஒயினும் கொஞ்சம் சர்க்கரையும் விட்டு நிரப்பி, கார்க் அடித்து, கம்பி கட்டுவார்கள்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம், இதில் எதற்கும் ஷாம்பெயின் மாகாணத்து மண் கட்டாயம் இல்லை. ரான்ஸ், எப்பெர்னே ஊர்களின் சுண்ணாம்பு மண்ணும் குளிரும் அந்தப் புளிப்பைக் கொடுக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் செய்முறை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதை அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்பதும் சந்தேகமே. டோம் பெரின்யோன் என்ற பாதிரியார்தான் ஷாம்பெயினைக் கண்டுபிடித்தார், குடித்துப் பார்த்து 'நட்சத்திரங்களைக் குடிக்கிறேன்' என்றார் என்ற கதையெல்லாம் பின்னால் கட்டிவிட்டது. அவர் காலத்தில் குமிழி வந்தால் அது குறை, அதைத் தடுக்கத்தான் அவர் பாடுபட்டார். 1662-ல் கிறிஸ்டோபர் மெரெட் என்ற ஆங்கிலேயர், ஒயினில் சர்க்கரை சேர்த்து நுரைக்க வைக்கும் பழக்கத்தை லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தில் எழுதி வைத்துவிட்டார். அப்போது டோம் பெரின்யோன் மடத்து நிலவறைப் பொறுப்பையே ஏற்கவில்லை. தெற்கு பிரான்சில் லிமூ ஊர்க்காரர்கள் எங்களுடையது 1531-லேயே என்று மார்தட்டுகிறார்கள். சென்-இலேர் மடத்துத் துறவிகள் செய்தார்களாம்.

பேரை மட்டும் ஷாம்பெயின் மாகாணத்துக்காரர்கள் விடமாட்டார்கள். சுவிட்சர்லாந்தில் ஷாம்பெயின் என்றே பேர் கொண்ட ஒரு குட்டிக் கிராமம் இருக்கிறது. பரம்பரையாக ஒயின் செய்கிறவர்கள், அதுவும் குமிழி இல்லாத ஒயின். 2004-லிருந்து சொந்த ஊர்ப் பேரை பாட்டிலில் போட முடியாது அவர்களால். பாவம்தான், ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஷாம்பெயினில் உனக்கு எது பிடிக்கும்? அந்த ரொட்டி வாசனையும் நாக்கை இழுக்கும் புளிப்புமா? அல்லது கார்க் எகிறும்போது வரும் கலகலப்பும் பழ வாசனையுமா? முதலாவது என்றால் பாட்டிலுக்குள்ளேயே நொதித்ததாகப் பார். இரண்டாவது என்றால் ப்ரொசெக்கோ போதும். நிறையப் பேர் இதைக் கேட்டுக்கொள்ளாமலேயே கடைக்குப் போய், ப்ரொசெக்கோவை வாங்கி வந்து 'ஷாம்பெயின் மாதிரி இல்லை' என்று குறைப்படுகிறார்கள். அது அப்படி இருக்க நினைக்கவே இல்லையே! வடகிழக்கு இத்தாலியில் க்ளேரா என்ற திராட்சையில் செய்வது. இரண்டாம் நொதித்தல் பெரிய எஃகுத் தொட்டியில், சில வாரங்களில் முடிந்துவிடும். வண்டலோடு கிடக்காததால் ரொட்டி வாசனை கிடையாது, பேரிக்காயும் வெள்ளைப் பூவும்தான். அதை வாங்கினால் அந்த வருஷமே குடித்துவிடு. வைத்திருந்து பயனில்லை. கொஞ்சம் நல்லதாக வேண்டுமென்றால் லேபிளில் கொனெலியானோ வால்தொப்பியாதெனே என்று இருக்கிறதா பார். செங்குத்தான மலைச்சரிவுத் தோட்டங்கள், 2019-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இடம்.

உனக்கு நான் சொல்வது க்ரெமான். என்னை ஏமாற்றியதும் அதுதான், அந்த மரியாதையும் கொஞ்சம் உண்டு. ஷாம்பெயின் மாகாணத்துக்கு வெளியே பிரான்சில் எட்டு வட்டாரங்களில் அதே முறையில் செய்வதற்குத்தான் இந்தப் பேர். கையால்தான் பறிக்க வேண்டும், கொத்தை முழுசாகப் பிழிய வேண்டும், 150 கிலோ திராட்சையிலிருந்து 100 லிட்டர் சாறுக்கு மேல் எடுக்கக் கூடாது, வண்டலோடு குறைந்தது 9 மாதம். கடுமையான சட்டம்தான். பர்கண்டியில் ஷார்டனே, பினோ நுவார் என்று ஷாம்பெயினின் அதே திராட்சைகள், அதனால்தான் மூக்கு தடுமாறுகிறது. அல்சாஸில் பெரும்பாலும் பினோ ப்ளான், கொஞ்சம் மெல்லியது, ஆப்பிள் வாசனை. லுவார் ஆற்றுப் பக்கத்தில் ஷெனன் ப்ளான், தேனும் புளிப்பும் கலந்து வரும். எனக்கு மூன்றிலும் லுவார்தான் பிரியம், ஆனால் இருபது பேருக்கு ஊற்றுவதென்றால் பர்கண்டி. யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

காவாவும் பாட்டிலில் நொதிப்பதே. 1872-ல் கதலோனியாவில் ஜோசெப் ரவென்தோஸ் தொடங்கியது. மகபேயோ, ஷாரெல்லோ, பரெல்யாதா என்று அவர்கள் ஊர்த் திராட்சைகள். சாதாரண காவா 9 மாதம், ரிசர்வா 18, கிரான் ரிசர்வா 30. கடைசிச் சொல்லைப் பார்த்து வாங்கு. 30 மாதம் கிடந்த காவா, 15 மாதம் கிடந்த ஷாம்பெயினுக்குச் சளைத்ததில்லை. கொஞ்சம் மண் வாசனை, பெருஞ்சீரகம் மாதிரி ஒரு கசப்பு அதில் இருக்கும், எங்கள் வீட்டில் பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை.

இத்தாலியின் ஃப்ரான்சியாகோர்தா பிரமாதம், ஆனால் விலையும் ஷாம்பெயினைத் துரத்துகிறது, உனக்கு அதில் லாபமில்லை. இங்கிலாந்துக்காரர்களும் தெற்குக் கரையோரச் சுண்ணாம்பு மண்ணில் இறங்கிவிட்டார்கள். நல்லதாகத்தான் செய்கிறார்கள், அதற்கும் அதே விலைக் கதைதான். தென்னாப்பிரிக்காவின் கேப் கிளாசிக் மட்டும் கண்ணில் பட்டால் விடாதே. 1971-ல் சிமோன்சிக் பண்ணை ஆரம்பித்து வைத்தது. வெயில் ஊர் என்பதால் பழம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், நுரை பட்டு மாதிரி.

லேபிளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நான் மாட்டிக்கொண்டதைச் சொல்கிறேன், நீ மாட்டிக்கொள்ளாதே. ஒரு பிறந்த நாளுக்கு, இனிப்பே ஆகாது என்ற பெரியவருக்காக 'எக்ஸ்ட்ரா டிரை' என்று போட்டதைத் தேடிப் பிடித்து வாங்கினேன். டிரை என்றால் இனிப்பில்லாதது, எக்ஸ்ட்ரா டிரை என்றால் சுத்தமாக இல்லாதது, இதுதானே நியாயம்? ஒரு மடக்கு குடித்துவிட்டு, "சர்பத்தா?" என்று கேட்டார். குமிழி ஒயினில் கணக்கு வேறு. எக்ஸ்ட்ரா டிரை என்றால் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் சர்க்கரை. வெறும் 'டிரை' அதைவிட இனிப்பு, 32 வரை போகும். 'ப்ரூட்' தான் 12-க்குக் கீழே. அதையும் தாண்டி 'ப்ரூட் நேச்சர்' என்றால் 3-க்குக் கீழே, கூடுதலாகச் சர்க்கரை சேர்க்கவே மாட்டார்கள். நீ ப்ரூட் வாங்கு. நேச்சர் பழகாதவர்களுக்குப் பல் கூசும்.

குளிர வை, நன்றாகக் குளிர வை. எட்டு டிகிரி வாக்கில் இருந்தால் நலம். வெதுவெதுப்பான பாட்டிலைத் திறந்தால் பாதி தரைக்குத்தான். கம்பியை அரை அரைச் சுற்றாக ஆறு தடவை திருகினால் கழன்றுவிடும். கழலும்போதே கட்டைவிரல் கார்க்கின் மேல் இருக்கட்டும். பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, கார்க்கை இறுக்கிக்கொண்டு பாட்டிலை மெதுவாகத் திருப்பு. கார்க்கைத் திருகாதே. பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தால் சரியாகத் திறந்தாய் என்று அர்த்தம். ஒல்லியான உயரக் கண்ணாடிகளை அலமாரியிலேயே விட்டுவிடு, சாதாரண வெள்ளை ஒயின் கண்ணாடி போதும். மூக்கு உள்ளே போக இடம் வேண்டாமா? என் நாத்தனாரைக் கேட்டுப்பார். மிச்சம் இருந்தால் பாட்டில் வாயில் ஸ்பூன் போட்டு வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம், அதனால் ஒன்றும் ஆகாது. கவ்விப் பிடிக்கிற மூடி ஒன்று வாங்கிக்கொள்.

ஷாம்பெயினைக் கீழே இறக்கிப் பேசிவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது. அப்படியில்லை. அன்றைக்கு நாலையும் குடித்து முடித்து ஒரு நிமிஷம் கழித்தும் வாயில் நின்றது மூன்றாம் எண் மட்டும்தான். மறுநாள் காலை கழுவப்போன காலிக் கண்ணாடியிலும் அந்த வாசனை இருந்தது. ஆனால் இருபது பேர் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருக்கிற இடத்தில் யார் அந்த ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கப் போகிறார்கள்? எல்லாருக்கும் பர்கண்டி க்ரெமான் ப்ரூட், ஒரு பாட்டிலுக்கு ஆறு கண்ணாடி என்று கணக்குப் போட்டு வாங்கு. எல்லாரும் கிளம்பின பிறகு உங்கள் இரண்டு பேருக்கு மட்டும் ஒரே ஒரு ஷாம்பெயின், அரை பாட்டிலாகக்கூட வாங்கலாம்.

அலமாரியைக் குடைந்ததில் ஒரு படம் கிடைத்தது. ஹாஸ்டல் கடைசி நாள். நம் முதல் குமிழி, டீ கப்பில். பாட்டில் ஓரமாகத் தெரிகிறது, கண்ணாடி போட்டுப் பார்த்ததில் லேபிளும் படிக்க முடிந்தது. அஸ்தி (Asti) என்ற இத்தாலியக் குமிழி ஒயின். மஸ்கட் திராட்சை, சாராயம் 7 சதவீதம் வாக்கில்தான், இனிப்போ இனிப்பு. குடித்துவிட்டு ஒயின் என்றாலே இப்படித்தானா என்று எத்தனை திட்டினோம்! அதைத் திட்டியிருக்க வேண்டியதில்லை. மத்தியான வெயிலில் பைக்குள் கொண்டுவந்து, அப்படியே சூடாகத் திறந்தோமே. படத்தில் உன் துப்பட்டா முழுக்க நனைந்திருக்கிறது, நீ கண்ணை மூடியிருக்கிறாய். பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், அவரிடம் காட்டு.

உன்,
கீதா