நாட்டு விதை தேடும் பினாங்கு தோட்ட நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கச்சிகளே,

போன மாதம் கடைசி சனிக்கிழமை விதை மாற்றிக்கொள்ள நாம் கூடினோமே, அன்றைக்குக் கலைகிற நேரத்தில் வந்த பேச்சு இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை. ஹட்யாய் போய் வந்த ஒரு தம்பி தாய்லாந்தின் பழைய கஞ்சா நாட்டு ரகங்களைப் பற்றிச் சொன்னார். உடனே நாலைந்து பேர் சேர்ந்து, எந்த ரகத்தை எதோடு சேர்க்கலாம், மாடியில் எத்தனை தொட்டி வைக்கலாம், நமக்கென்று ஒரு புது ரகம் உருவாக்க எத்தனை வருடம் பிடிக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டீர்கள். நான் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன், குறுக்கே பேசவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான், உங்களை அங்கேயே உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று உறைத்தது. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதிவிடுகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இதில் எனக்கு வளவளவென்று பேச ஒன்றுமில்லை. மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தில் 6பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. கஞ்சாச் செடி நடுவதும் வளர்ப்பதும் அதில் குற்றம், ஆயுள் சிறையும் பிரம்படியும் வரை போகும். ஆராய்ச்சிக்கு, ஆசைக்கு, ஒரே ஒரு தொட்டிக்கு என்று சொல்லித் தப்ப முடியாது. நட்டவன் மட்டுமில்லை, தன் இடத்தில் நட விட்டவரும் அதே பிரிவுக்குள் வருகிறார். நீங்கள் எண்ணிய அந்த மாடித் தொட்டிகள் எல்லாம் உங்கள் அப்பா அம்மா பேரில் இருக்கிற வீட்டு மாடியில்தான் இருக்கின்றன. தாய்லாந்து 2022 ஜூன் 9ஆம் தேதி கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது உண்மை, அப்புறம் 2025இல் பூவை மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று மறுபடி இறுக்கியதும் உண்மை. எதுவானாலும் அது புக்கிட் காயு ஹீத்தாம் எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கதை. ஒரு விதையும் இங்கே கொண்டுவராதீர்கள். உங்களில் ஒருவர் பெயரைக்கூட நான் நீதிமன்றச் செய்தியில் படிக்கக் கூடாது.

இதைச் சொன்னதும், அக்கா பயமுறுத்திவிட்டுப் போகிறார் என்று மூடி வைத்துவிடாதீர்கள். நீங்கள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. ஒரு நாட்டு ரகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை, கஞ்சாவையே எடுத்துக்கொண்டு பார்க்கலாம், அந்தச் செடி இதை நன்றாகவே சொல்லித்தருகிறது.

நாட்டு ரகம் என்றால் பழைய ரகம், அவ்வளவுதான் என்று அன்றைக்கு ஒருவர் சொன்னார். அது போதாது. ஓர் ஊரில், அந்த ஊரின் வெயில், மழை, மண், பூச்சி எல்லாவற்றுக்கும் ஈடுகொடுத்து, அந்த ஊர் மனிதர்கள் வருடா வருடம் விதை எடுத்து எடுத்துத் தானாக உருவான செடிக் கூட்டம் அது. கூட்டம் என்கிற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்குகிற வீரிய ஒட்டு விதை மாதிரி எல்லாச் செடியும் ஒரே அச்சில் இருக்காது. ஒன்று உயரும், ஒன்று குட்டை. ஒன்று சீக்கிரம் பூக்கும், ஒன்று ஆடி அசைந்து பூக்கும். அந்த வேறுபாடுதான் அதன் சொத்து.

ஆப்கானிஸ்தான் பக்கம் இந்துகுஷ் மலையில் வளரும் கஞ்சா குட்டையாக, அகன்ற இலையோடு, கெட்டியான பூங்கொத்தோடு இருக்கும். அங்கே கோடையில் பகல் 14 மணி நேரத்துக்கு மேல் நீளும், காற்று வறண்டது, குளிர் வருமுன் சட்டென்று காய்த்து முடிக்க வேண்டும். இடுக்கி மலையிலும், தாய்லாந்தில் சக்கோன் நக்கோன் பக்கத்து ஃபூ ஃபான் மலையிலும் உள்ளவை மெல்லிய இலையோடு நெடுநெடுவென்று வளர்ந்து, பூத்து முடிக்க மூன்று மாதம், அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். ஃபூ ஃபான் ரகத்துக்கு ஹாங் க்ராரோக் என்று பெயர், அணில் வால் என்று அர்த்தம். பூங்கொத்து அப்படித் தளர்வாக நீண்டிருக்கும், ஈரக் காற்று உள்ளே புகுந்து வெளியே போக வழி இருக்கும். கெட்டிக் கொத்து மழைக்காலத்தில் உள்ளிருந்தே பூசணம் பிடித்து அழுகும். ஆக, இலை அகலம், பூவின் கெட்டி எல்லாம் அழகுக்கு அமைந்தவை இல்லை, ஒவ்வொன்றும் ஓர் ஊரின் வானிலைக்குச் செடி சொன்ன பதில்.

பகல் நேரம் இன்னொன்று. இரவு நீண்டால்தான் பூக்கிற செடி அது. பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகைதான் வடக்கே இருக்கிறது, இங்கே வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. வடக்கத்தி ரகத்தை இந்த மாதிரி ஊரில் வைத்தால் முழங்கால் உயரம்கூட வராமல் பூத்துவிடும். படத்தைப் பார்த்து, பேரைக் கேட்டு ரகம் தேர்ந்தெடுக்கிறவர்கள் தடுக்கி விழுகிற இடம் இது. தேர்வு செய்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது வரைபடம். விதை வந்த ஊர் நம் ஊரிலிருந்து எத்தனை பாகை தள்ளி, எவ்வளவு உயரத்தில், எத்தனை மாத மழையில் இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

நீங்கள் அன்றைக்குத் தொடாத விஷயம் ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிது. கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. காற்றில் மகரந்தம் பறந்து சேரும், கிலோமீட்டர் கணக்கில் போகும். தன் மகரந்தத்தைத் தானே எடுத்துக்கொள்கிற பயிர் இல்லை என்பதால், நாலைந்து செடியிலிருந்து மட்டும் விதை எடுத்தால் இரண்டு மூன்று தலைமுறையிலேயே கூட்டத்தின் பன்மை வடிந்து, செடிகள் நோஞ்சானாகிவிடும். ரகத்தை ரகமாகக் காப்பாற்றப் பத்துக் கணக்கில், முடிந்தால் நூற்றுக்கணக்கில் செடி வேண்டும். அப்படியானால் ஒரு பொட்டலத்தில் வருகிற பத்து விதை நாட்டு ரகம் ஆகுமா? ஒரு கிராமத்திலிருந்து பத்துப் பேரைக் கூட்டிவந்து இதுதான் அந்தக் கிராமம் என்று சொல்ல முடியுமா? பிறந்த ஊரிலேயே பக்கத்து வயலில் வெளிநாட்டுக் கலப்பினம் பூத்தால் காற்று மிச்சத்தையும் கலந்துவிடும். மொரோக்கோவின் ரிஃப் மலையில் பெல்தியா என்கிற உள்ளூர் ரகத்தை, தண்ணீர் அதிகம் குடிக்கிற வெளிநாட்டுக் கலப்பினங்கள் ஓரம் தள்ளிவிட்டன. 2021இல் மருத்துவத்துக்கும் தொழிலுக்கும் சாகுபடியை அங்கே சட்டமாக்கிய பிறகுதான் பெல்தியாவுக்கு முறையான இடம் கிடைத்தது.

மனிதர்கள் இல்லாமல் இந்த ரகங்கள் இல்லை. 1893-94இல் பிரிட்டிஷ் அரசு நியமித்த இந்திய ஹெம்ப் (கஞ்சாச் செடி) போதைப்பொருள் ஆணையத்தின் அறிக்கை ஏழு தொகுதிகளாக வந்தது. வங்காளத்துக் கஞ்சா வயல்களில் ஆண் செடியை அடையாளம் கண்டு பிடுங்குவதற்கென்றே கைதேர்ந்த ஆட்கள் வேலை செய்ததை அதில் விவரமாகப் பதிந்திருக்கிறார்கள். 1845இலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி ஜமைக்கா போன நம் ஆட்களோடுதான் கஞ்சா என்கிற சொல்லே அங்கே போனது, இன்றும் அங்கே அதே சொல்தான். இதைப் படித்தபோது எனக்கு என் பாட்டி ஞாபகம்தான் வந்தது. அதே காலனி ஆட்சியில், அதே மாதிரி ஒரு கப்பலில் மலாயா வந்து இறங்கியவர்களின் மகள் அவர், முந்தானையில் விதை முடிந்து கொண்டுவந்த குடும்பம்.

பாட்டியின் மிளகாயைப் பற்றி உங்களில் சிலருக்குத் தெரியும். கெடாவில் ரப்பர் தோட்டத்து லய வீட்டு வரிசைக்குப் பின்னால் பாட்டி வளர்த்தது, சாம்பலில் புரட்டி மைலோ டின்னில் போட்டு அடுப்பு மேடைக்கு மேலே வைத்திருப்பார். மிளகாயே போர்த்துகீசியர் மூலமாக அமெரிக்காவிலிருந்து வந்த பயிர், நம்மிடம் வந்து சுமார் ஐந்நூறு வருடம்தான் ஆகிறது, அதற்குள் ஊருக்கு ஊர் நாட்டு மிளகாய் ஆகிவிட்டது. பாட்டியின் மிளகாய் தமிழ்நாட்டிலிருந்து வந்தது, தோட்டத்து மண்ணில் மூன்று தலைமுறை இருந்து இங்கத்திய மழைக்குப் பழகியது. அந்த டின்னைத் திறந்து விதைத்தால் நீளக் காயும் வரும், குண்டுக் காயும் வரும், வானத்தைப் பார்த்து நிற்கிற குட்டைக் காயும் வரும்.

அதை நான் கெடுத்தேன். பட்டர்வொர்த்துக்குக் குடிவந்த பிறகு இடம் குறைவு, அதனால் வருடா வருடம் இரண்டே செடி, இருப்பதிலேயே நீளமாக, சிவப்பாக, பார்க்க லட்சணமாகக் காய்த்த இரண்டிலிருந்து மட்டும் விதை எடுத்தேன். நாலு வருடம் அப்படி. ரகம் சீராகிவிட்டது என்று எனக்குப் பெருமை வேறு. ஐந்தாவது வருடம் அக்டோபர் மழை விடாமல் பிடித்தது, காயில் வட்ட வட்டமாகக் குழிந்து கறுப்பு விழும் பழ அழுகல் வந்தது, ஒரு வாரத்தில் மொத்தக் காயும் போனது. பாட்டி காலத்தில் அந்த நோய் வந்தால் மேல்நோக்கி நிற்கிற குட்டைக் காய்ச் செடிகள் தாக்குப்பிடிக்கும், தண்ணீர் காயில் தங்காமல் வடிந்துவிடும் என்று அவர் சொல்வார். அந்தக் குட்டைக் காய்களைத்தான் அழகில்லை என்று நான் வருடா வருடம் குழம்பில் போட்டுக்கொண்டிருந்தேன். சுங்கைப்பட்டாணியில் என் சித்தியிடம் பழைய விதை கொஞ்சம் இருந்ததால் ரகம் மறுபடி கைக்கு வந்தது. சித்தியும் தூக்கிப் போட்டிருந்தால் இன்றைக்கு எழுத எனக்கு ஒன்றுமிருந்திருக்காது.

அதனால்தான் கேட்கிறேன். உங்களுக்கு இருக்கிற ஆர்வத்தை, ஊர் பார்த்து ரகம் எடுக்க வேண்டும், தலைமுறை தலைமுறையாகப் பொறுக்க வேண்டும் என்கிற அந்தப் பொறுமையை, இந்தக் கூட்டத்துக்குத் தாருங்கள். ஒரு வீட்டில் நாற்பது செடி வைக்க யாராலும் முடியாது, நம்மிடம் பன்னிரண்டு வீடு இருக்கிறது. ஆயர் ஈத்தாமில் மேட்டுக் குளிர் கொஞ்சம், ஜெலுத்தோங்கில் கடல் காற்று, பிறை பக்கம் கான்கிரீட் சூடு, நான்காம் மாடி பால்கனி ஒன்று, கம்போங் (கிராமத்து) வீட்டு வெறும் மண் ஒன்று. வீட்டுக்கு ஐந்து செடி வைத்தால் அறுபது. இதைவிட நல்ல சோதனை வயல் எனக்குத் தெரியாது.

புது ரகம் உருவாக்கியே தீர வேண்டும் என்கிறவர்களுக்கும் மிளகாயில் வேலை இருக்கிறது, ரகத்தை நிலைக்க வைப்பது கஞ்சாவைவிடச் சுலபம், ஏனென்றால் ஒரே பூவில் ஆணும் பெண்ணும் இருந்து தானே காய்க்கும். நாளைக்கு விரியப் போகிற வெள்ளை மொட்டாகப் பாருங்கள், காலை ஏழு எட்டு மணிக்குள். கூர்மையான இடுக்கியால் இதழை மெதுவாகக் கிழித்து, உள்ளே நடுத்தண்டைச் சுற்றி நிற்கிற நீலம் கலந்த மகரந்தப்பைகளை, வெடித்துத் தூள் கொட்டுமுன் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுங்கள். தண்டு உடைந்தால் அந்தப் பூ போச்சு, அடுத்த மொட்டுக்குப் போங்கள். பிறகு உங்களிடம் இருக்கிற குலாய் மாதிரி வேறொரு மிளகாய் ரகத்தில் விரிந்த பூவைக் கொண்டுவந்து அந்தத் தண்டின் நுனியில் தொட்டுத் தடவி, வலைத்துணிப் பை போட்டு, காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள். முதல் தலைமுறை கிட்டத்தட்ட ஒரே மாதிரி வரும், ஏமாந்துவிடாதீர்கள். அதன் விதையைப் போட்டால் இரண்டாம் தலைமுறையில்தான் தாத்தா பாட்டி குணமெல்லாம் சிதறி வெளியே வரும், பொறுக்குகிற வேலை அங்கே ஆரம்பிக்கிறது. தன் பூவிலேயே காய்க்க விட்டால் ஒவ்வொரு தலைமுறைக்கும் கலப்பு பாதி பாதியாகக் குறைந்து, ஆறு ஏழு தலைமுறையில் ரகம் நிற்கும். நம் வெயிலுக்கு வருடத்துக்கு இரண்டு தலைமுறை எடுக்கலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஊருக்குப் போய் வருகிறவர்கள் கத்தரி, மிளகாய் விதையைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவதும் 1976ஆம் ஆண்டு தாவரத் தொற்றுத்தடுப்புச் சட்டப்படி அனுமதி வாங்கித்தான் செய்ய வேண்டும், விதையோடு நோயும் கப்பலேறும். இங்கேயே தோட்டத்துப் பாட்டிமார்களின் டின்களில் இருப்பதை முதலில் கேட்டு வாங்குவோம், கேட்க ஆளில்லாமல் போவதற்குள்.

அடுத்த சனிக்கிழமை பாட்டி மிளகாயின் நாற்று அறுபத்தைந்து கொண்டுவருகிறேன், நாலு இலைப் பருவத்தில் இருக்கும், ஈரத்துணி போட்ட பிளாஸ்டிக் கூடை எடுத்து வாருங்கள். உங்களுக்கு வருகிற ஐந்தில் குட்டையானது, கோணலானது எதையும் பிடுங்காதீர்கள். எந்தச் செடி எந்தத் தேதியில் பூத்தது, அக்டோபர் மழையில் எது நின்றது, எது விழுந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஜனவரியில் எல்லா நோட்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்போம். ஹட்யாய் போய் வந்த தம்பிக்கு ஐந்தில்லை, பத்துச் செடி எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
பட்டர்வொர்த்திலிருந்து உங்கள் அக்கா