மைதானத்துக்கு இன்னும் 357 கன மீட்டர் மணல் வேண்டும்

ஊர் மக்களுக்கும், வெளியூரில் வாழும் நம் பிள்ளைகளுக்கும் மைதானக் குழுவின் வணக்கம்.

மழைக்கு முன் மணல் பரப்பி முடிக்காவிட்டால் இந்த வருடமும் நம் கால்பந்து மைதானத்தில் ஆட முடியாது. பாதி மணல் வந்து இறங்கிவிட்டது. மீதிக்குக் குழுவின் கையில் பணம் இல்லை.

கணக்கை அப்படியே சொல்லிவிடுகிறோம். மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். மொத்தம் 7,140 சதுர மீட்டர். பல வருடம் மிதிபட்டு மண் இறுகிப்போனதால் தண்ணீர் கீழே இறங்குவதில்லை. கோல் முன்னும் நடுவட்டத்திலும் தேங்கி, புல்லின் வேர் அழுகுகிறது. மண்ணைக் கிளறி 10 சென்டிமீட்டர் மணல் போட்டால்தான் வடியும். அதற்கு 714 கன மீட்டர் தேவை, வந்தது 357. கோல் கம்பங்களும் அடியில் துருப்பிடித்து ஆடுகின்றன. கம்பம் சாய்ந்து குழந்தைகள் இறந்த சம்பவங்கள் வேறு நாடுகளில் நடந்திருக்கின்றன. அதனால் இனி வரும் முதல் பணம் கம்பங்களுக்குத்தான்.

இந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. நம் பெரியவர்கள் வேலை முடிந்து வந்து, இருட்டும்வரை கூடை கூடையாக மண் சுமந்து மேடாக்கினார்கள். ஆண்களைவிடப் பெண்கள் சுமந்ததே அதிகம் என்று மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். ஒருவர்கூடக் கூலி கேட்கவில்லை. எந்தத் தெருப் பிள்ளை என்று பார்க்காமல் எல்லோரும் ஒரே பந்தின் பின்னால் ஓடியது இந்த மண்ணில்தான். நடைப்பயிற்சிக்கு வரும் முதியவர்களுக்கும் வேறு இடம் இல்லை.

முதல் கட்டத்தில் கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! ஒரு மாத ஓய்வூதியத்தை அப்படியே தந்த ஆசிரியர், பெயர் போட வேண்டாம் என்று கூலிப் பணத்தில் பங்கு வைத்துவிட்டுப் போன தொழிலாளர்கள், உண்டியலை உடைத்துக் கொண்டுவந்த சிறுவர்கள், ஏற்றுக்கூலி வாங்காத லாரி ஓட்டுநர்கள் எல்லோரையும் நினைத்துக்கொள்கிறோம். கடவுள் உங்கள் குடும்பங்களைக் குறைவின்றி வைப்பார்.

ஆனால் இங்கே ஆடி வளர்ந்து நல்ல நிலைக்கு வந்த சிலர் எங்கள் அழைப்பை எடுப்பதே இல்லை. பெயர் சொல்லப் போவதில்லை. உண்டியலை உடைத்த பிள்ளைகள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

ஒரு குடும்பம் ஒரு சதுர மீட்டரையாவது ஏற்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 160 கிலோ மணல் பிடிக்கும். இன்னும் 3,570 சதுர மீட்டர் பாக்கி. வசதி உள்ளவர்கள் பத்து, இருபது என்று ஏற்கலாம். பணம் இல்லையா, சரி, ஞாயிறு காலை மண்வெட்டியோடு வாருங்கள்.

குழு உறுப்பினர்களிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு மைதானப் பலகையில் வாரந்தோறும் ஒட்டப்படும்.

மைதானக் குழு