நாடகக் கலைஞர்களுக்கு மனநல ஆலோசனை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் 22 ஆண்டுகளாக, ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்து வருகிறேன். எங்கள் கலைஞர்களின் மனநலம் குறித்துச் சில செய்திகளை அரசின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகக் கம்பெனிகளில் நடிகர்கள் ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கினார்கள். ஆனால் ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி) என ஒவ்வொருவரும் தனித்தனியே தேதி (நடிக்கும் வாய்ப்பு) பெற்று, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, ஒத்திகையின்றி இரவு மேடையேறி, விடிந்ததும் அவரவர் பேருந்தைப் பிடித்துப் பிரிந்துவிடுகிறோம். ஒருவர் வாரக்கணக்கில் தூக்கமின்றித் தவிப்பதையோ குடியில் மூழ்குவதையோ உடன் நடிப்பவர் அறிவதற்கே வாய்ப்பு குறைவு. அறிந்தாலும், வெளியே தெரிந்தால் தேதி கிடைக்காது என்று அஞ்சி மறைத்துவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், மகனைப் பறிகொடுத்து நாற்பது நாள்கூட ஆகாத ஸ்திரீபார்ட் அம்மா ஒருவர், முன்பே அட்வான்ஸ் வாங்கியிருந்த காரணத்தால், அரிச்சந்திரன் நாடகத்தின் மயான காண்டத்தில் சந்திரமதியாக, இறந்த மகன் லோகிதாசன் உடல்மீது விழுந்து அழுதார். ஊரே கைதட்டியது. அதன்பின் அவர் மேடைக்கு வரவில்லை. அன்று சோக ராகமான முகாரியை வாசித்த நான், இறங்கி வந்த அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்ற வேதனை இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் புறநோயாளிப் பிரிவு நடக்கும் காலை வேளையில்தான், இரவு முழுதும் விழித்திருந்த நாங்கள் உறங்குகிறோம். இரவிலும் அழைக்கக்கூடிய 14416 என்ற மனநல உதவி எண்ணை அறிந்தவர் எவரையும் எங்கள் ஒப்பனைக் கொட்டகைகளில் நான் கண்டதில்லை.

எனவே, நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியமும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் இணைந்து, நாடகம் குறைந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நடிகர் சங்கக் கட்டடங்களிலேயே பிற்பகல் ஆலோசனை முகாம்களை நடத்த வேண்டும். ஆபாசப் பேச்சையும் ஏளனத்தையும் அன்றாடம் தாங்கும் நடிகைகளுக்குப் பெண் ஆலோசகர் கட்டாயம் தேவை. சிகிச்சை பெறுவோரின் விவரங்களை வெளியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுவதை முகாமில் முதலிலேயே விளக்கினால், தேதி போய்விடும் என்று அஞ்சுபவர்களும் வருவார்கள். துக்கத்தாலோ மனநோயாலோ மேடையேற இயலாதவர், வாங்கிய அட்வான்ஸைத் திருப்பித் தருவதற்கேனும் வாரியம் ஓர் உதவித்தொகை வழங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஆர்மோனியக் கலைஞர் ஒருவர்,
மதுரை.