செம்பனை உச்சியில் இருப்பதெல்லாம் பகையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் செம்பனை (பாமாயில் மரம்) தோட்டங்களில், பை கட்டி அதற்குள் வாழ்ந்து மட்டையைத் தின்னும் பைப்புழு பரவுவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். சேதம் உண்மைதான், மட்டை கருகி நிற்கும் மரங்களைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் மரத்து மேலே இருக்கும் பூச்சிகளை எல்லாம் ஒரே கணக்கில் சேர்த்து, மருந்தடிப்பதே வழி என்று முடித்திருந்தது எனக்குச் சரியாகப் படவில்லை.

செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் அதை வணிகப் பயிராக நட்டார்கள், அதன் பூவைத் தேடி வரும் வண்டு மட்டும் கூட வரவில்லை. அதனால்தான் பல தோட்டங்களில் நம் பெண்கள் மகரந்தத்தை முகப்பவுடர் போன்ற தூளோடு கலந்து, பெண்பூ ஒவ்வொன்றிலும் கையால் தூவினார்கள். 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன மூக்கு வண்டைக் கொண்டுவந்து ஜொகூரின் குளுவாங் பக்கம் விட்டார்கள். அது வாழ்வதும் முட்டையிடுவதும் ஆண்பூவில். சோம்பு வாசம் வீசும் பெண்பூவை ஆண்பூ என்று நம்பி உடம்பெல்லாம் மகரந்தத்தோடு போய் உட்காரும், குலை நிறையக் காய் பிடிக்கும். சில ஆண்டுகளிலேயே கையால் தூவும் வேலை பெரும்பாலும் நின்றுபோனது. இன்றைக்கு லாரி லாரியாக ஆலைக்குப் போகும் பழத்தில் இந்த வண்டின் பங்கு எவ்வளவு என்று யாராவது எழுதுகிறோமா?

பைப்புழுவுக்கும் எதிரிகள் அதே மட்டையில்தான் இருக்கின்றன. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குளவிகள் அதன் பைக்குள் முட்டையிடும், அந்தக் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்றுவிடும். 1950களின் கடைசியிலும் 60களின் தொடக்கத்திலும் டிடிடி, டீல்ட்ரின் என்று பூச்சிமருந்துகளைக் கண்டபடி தெளித்த தோட்டங்களில் முதலில் செத்தது இந்தக் குளவிகள்தான், அப்புறம்தான் புழு கட்டுக்கடங்காமல் பெருகியது. தோட்டத்துப் பாதையோரம் தர்னேரா, கொடி ரோஜா போன்ற பூச்செடிகளை நடுவது அழகுக்காக இல்லை, வளர்ந்த குளவிக்குத் தேன் வேண்டும். களைக்கொல்லி அடிக்கிறவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை, அந்தப் பூச்செடிகளும் களையோடு சேர்ந்து கருகிவிடுகின்றன.

மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. மட்டையை இறக்கிப் புழுவை எண்ணட்டும், பைகளைப் பிரித்து எத்தனையில் குளவி இருக்கிறது என்று பார்க்கட்டும், அதற்கும் மேல் தேவைப்பட்டால் புழுவை மட்டும் தாக்கும் பாக்டீரியா மருந்து இருக்கிறது. கட்டுரையில் விடுபட்ட இந்தப் பக்கத்தையும் தயவுசெய்து வெளியிடுங்கள், தோட்டத்து மேலாளர்களும் உங்கள் இதழைப் படிக்கிறார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், ஜொகூர்