மோல்மீன் வீட்டு முற்றத்துப் பாசியும் நீ வாங்கப்போகும் பிரஷர் வாஷரும்

ரங்கூன்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். முற்றத்துச் செங்கல் தளத்தில் அப்பத்தா பாசி வழுக்கி விழுந்து, நல்ல வேளையாக முழங்கைச் சிராய்ப்போடு தப்பினார் என்று நீ அம்மாவிடம் சொன்ன அன்றே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவும் பிரஷர் வாஷர் வாங்கப்போகிறாய் என்றும், 200 பார் அழுத்தம் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) என்று அச்சடித்த பெட்டியைக் காட்டிக் கடைக்காரர் விலையும் குறைத்துத் தருவதாகச் சொல்கிறார் என்றும் கேள்விப்பட்டேன். தொலைபேசியில் சொன்னால் பாதி உன் காதில் விழாது, மீதியை மறந்துவிடுவாய் என்பதால்தான் இந்தக் கடிதம்.

முதலில் என் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மோட்டாரும் பம்பும் பழுதுபார்த்தே உங்களை வளர்த்த நானே, சில ஆண்டுகளுக்கு முன் பெட்டியின் மேலிருந்த எண்ணைப் பார்த்து மயங்கி, ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய இயந்திரம் ஒன்றை வாங்கினேன். முதல் மழைக்காலம் நன்றாக ஓடியது. இரண்டாவது மழைக்காலத்தில் மோட்டார் மட்டும் வீறிட்டுக் கத்தியது. முனையில் தண்ணீர் வாளியில் ஊற்றுவதுபோல வழிந்தது. கழற்றிப் பார்த்தேன். பம்பின் அலுமினியத் தலை உட்புறம் வெள்ளைப் பொடியாகப் பூத்துப்போயிருந்தது, மூன்று பிஸ்டன்களில் ஒன்றின் மேல் நகத்தால் கீறியதுபோல நீளக் கோடுகள், அதைச் சுற்றியிருந்த ரப்பர் சீல் கிழிந்து நார்நாராகத் தொங்கியது. தொட்டியின் அடியில் கிடந்த மணலை வடிகட்டி போடாமல் உறிஞ்சவிட்டது என் குற்றம்தான். ஆனால் அந்தச் சீலின் அளவுக்கு மாற்று வளையம் ரங்கூன் கடைத்தெரு முழுவதும் தேடியும் கிடைக்கவில்லை. சுண்டைக்காய் விலைகூடப் பெறாத ஒரு ரப்பர் வளையத்துக்காக முழு இயந்திரமும் பழைய இரும்புக்குப் போயிற்று.

ஆகவே அந்த 200 பாரை நம்பாதே. நீயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பார் எண்ணை ஒரு நிமிடத்தில் வரும் லிட்டரால் பெருக்கி 600ஆல் வகுத்தால், தண்ணீருக்குப் போய்ச்சேரும் சக்தி கிலோவாட்டில் கிடைக்கும். 100 பாரில் நிமிடத்துக்கு 6 லிட்டர் என்றால் சரியாக ஒரு கிலோவாட். வழியில் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் மோட்டார் 1400 அல்லது 1600 வாட் இழுக்கும், இது நியாயமான கணக்கு. 200 பார், 8 லிட்டர், 1600 வாட் என்று ஒரே பெட்டியில் போட்டிருந்தால், உள்ளே போவதைவிட வெளியே வருவது அதிகம் என்று ஆகிறது. அப்படியொரு மோட்டாரை என் ஆயுளில் நான் கண்டதில்லை. பெரும்பாலும் அந்தப் பெரிய எண், தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியின் விசையை விட்ட கணத்தில் பம்புக்குள் எகிறும் உச்ச அழுத்தமாகவோ வெறும் ஆசை வார்த்தையாகவோ இருக்கும். பெட்டியை விட்டுவிட்டு இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில், வேலை செய்யும்போதுள்ள அழுத்தம் எவ்வளவு என்று பார். முற்றம், படிக்கட்டு, சாக்கடை ஓரம், உன் மோட்டார் சைக்கிள் ஆகியவற்றுக்கு 100 முதல் 120 பார் தாராளம். ஆண்டுக்கு 4500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் மோல்மீனில் பாசி வேகமாகப் படரும் என்பது உண்மைதான், ஆனால் அதை உரிக்க மலையைக் குடையும் வேகம் தேவையில்லை.

எண்ணைவிட எடையைக் கவனி. விலை குறைந்தவற்றில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த மோட்டார். மிக்ஸி மோட்டாரைப் போல மிக வேகமாகச் சுழலும், காது கிழியக் கத்தும், கார்பன் தேய்ந்துகொண்டே வரும். கார்பன் பிரஷ் இல்லாத இன்டக்ஷன் மோட்டார் வைத்தது கனமாக இருக்கும், சற்று விலை கூடும், ஆனால் மெதுவாகவும் அமைதியாகவும் ஓடிப் பல ஆண்டுகள் உழைக்கும். பம்பின் தலை பித்தளையா என்று கேள்; கேட்டதோடு நிற்காமல் தண்ணீர்க் குழாய் மாட்டும் இடத்தில் எட்டிப் பார், மஞ்சள் நிறம் தெரியும். சக்கரமும் பளபளப்பான உறையும் சோப்புப் புட்டியும் விலையை ஏற்றுவதற்கான அலங்காரங்கள். அதற்குக் கொடுக்கும் பணத்தை, கம்பி பின்னிய ரப்பர்க் குழாய்க்குக் கொடு. பிளாஸ்டிக் குழாய் ஒரே பருவத்தில் மடிந்த இடத்தில் வெடித்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி: சீல், வால்வு, விசைத் துப்பாக்கி, கார்பன் ஆகியவை உன் ஊரிலேயே கிடைக்குமா? கடைக்காரர் "கிடைக்கும்" என்று சொல்வதை ஏற்காதே, "இப்போது ஒரு சீல் செட் எடுங்கள், சேர்த்தே வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல். அலமாரியை நோக்கிக் கை போனால் வாங்கலாம். தலையைச் சொறிந்தால் வேறு கடையைப் பார். பெயர் பெற்ற கம்பெனியா இல்லையா என்பதுகூட எனக்கு இதற்கு அடுத்தபடிதான்.

உன் வீட்டு மின்சாரத்தை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. மாலையில் வோல்டேஜ் விழும் நேரத்தில் இன்டக்ஷன் மோட்டாரைப் போட்டால் அது சுழலாமல் உறுமிக்கொண்டே நிற்கும். அப்படி அரை நிமிடம் விட்டால் உள்ளிருக்கும் கம்பிச் சுருள் கருகிவிடும். உறுமினால் உடனே அணைத்துவிட்டு, வோல்டேஜ் நன்றாக இருக்கும் காலை வேளையில் வேலையை வைத்துக்கொள். ஜெனரேட்டரில் ஓட்ட நினைத்தால், கிளம்பும் கணத்தில் மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும் என்பதால் உன்னிடம் இருக்கும் சிறிய ஜெனரேட்டர் தாங்காது. பெட்ரோல் இயந்திரம் வாங்கலாமா என்று கேட்பாய். எண்ணெய்க்குக் காத்திருக்கும் வரிசையையும் விலையையும் பார்க்கும் நாம் ஒரு முற்றத்துக்காக அதை வாங்குவது வீண். நீட்டிப்பு ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியாக இருக்கட்டும், சுருளாக வைக்காமல் முழுவதும் விரித்துவிடு. ஈரத் தரையில் நின்று செய்யும் வேலை இது. எர்த் கம்பியும், மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் லீக்கேஜ் பிரேக்கரும் இல்லாமல் சுவிட்சைத் தொடாதே. இதில் மட்டும் அப்பாவோடு வாதம் செய்யாதே.

குழாய்த் தண்ணீரை நம்ப முடியாத வீட்டுக்கு, தொட்டியிலிருந்து தானே உறிஞ்சும் இயந்திரம் வேண்டும். எல்லா இயந்திரமும் உறிஞ்சாது, கேட்டு வாங்கு. 200 லிட்டர் டிரம் ஒன்று அரை மணி நேரத்துக்குச் சற்று மேலே வரும். உறிஞ்சும் குழாயைத் தண்ணீரால் நிரப்பிய பிறகு மாட்டு, அதன் வாயை அடிமட்டத்துக்கு ஒரு சாண் மேலே தொங்கவிடு, சல்லடை வடிகட்டி கட்டாயம். தண்ணீரில்லாமல் ஒரு நிமிடம் ஓடினாலும் சீல் எரிந்துவிடும்.

அடிக்கும்போது விசிறி போலப் பரவும் முனையைப் போடு. ஒற்றைக் கோடாகப் பாயும் முனை செங்கல்லுக்கு நடுவிலுள்ள சாந்தைத் தோண்டிவிடும். ஒரு முழத்துக்குக் குறையாத தூரத்தில் பிடி. வீட்டின் தேக்குப் பலகைச் சுவரில் மட்டும் அடித்துவிடாதே. நார் எழும்பி, நீ பிறக்கும் முன்பே உன் தாத்தா தேய்த்து வழவழப்பாக்கிய மரம் தென்னை மட்டை போலாகிவிடும். பேரன் கையில் துப்பாக்கியைக் கொடுக்கவே கொடுக்காதே. தோலைத் துளைத்து உள்ளே போகும் தண்ணீர் வெளியில் ஊசி குத்தியது போலத்தான் தெரியும், ஆனால் உள்ளே சதை கெட்டுவிடும். அப்படி யாருக்காவது நேர்ந்தால் காயம் சிறிதென்று எண்ணாமல் அப்போதே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பாசி போன தளம் ஒரு வாரத்தில் மறுபடி பச்சை தட்டினால் இயந்திரத்தைத் திட்டாதே. முற்றத்தின் கிழக்கு மூலையில் தண்ணீர் தேங்குவதை நான் போன தடவை வந்தபோதே பார்த்தேன், அங்கே ஒரு வாட்டம் கொடுத்துச் சிமெண்ட் பூச வேண்டும். அதுவரை அப்பத்தா நடக்கும் பாதையில் சாக்கை விரித்துவை.

கடைக்குப் போனதும் விலை பேசி முடித்துவிடாதே. தகட்டிலுள்ள எழுத்தையும் தண்ணீர்க் குழாய் மாட்டும் வாயையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு, நான் இங்கே என் கடையில்தான் இருப்பேன். மருமகளுக்கும் பேரனுக்கும் எங்கள் ஆசிகள்.

அன்புடன்,
அப்பா