பருவ இறுதிக் கடிதம்: கல்லூரியில் மனம் ஒட்டாத பிள்ளைகள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக முடிந்தது. தேர்வுகள் குறித்த நாளில் நடந்தன. விளையாட்டு விழாவும் அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக அமைந்தன. உழைத்த அனைவருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், இன்னொரு விஷயம். இங்கே முடித்துக் கல்லூரிக்குப் போன பிள்ளைகள் சிலர், படிப்பு பிடிக்கவில்லை என்று நம் ஆசிரியர்களைத் தேடி வருகிறார்கள். அவர்கள் பின்னாலேயே வீட்டிலிருந்து போன் வருகிறது: "நீங்க சொன்னா கேட்பான், எப்படியாவது முடிக்கச் சொல்லுங்க." இரவு நேரத்திலும் வருகிறது. அவர்களின் தம்பி தங்கைகள் இங்கே படிப்பதால் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

உங்கள் கவலை நியாயமானது. ஆனால் பிள்ளைக்கு என்ன பிடிக்கவில்லை என்பதை முதலில் கேளுங்கள். பாடமா, விடுதித் தனிமையா, அடிப்படைக் கணக்கு வராததா? இதே பாடம் வேறு கல்லூரியில் கிடைத்தால் போவாயா என்று கேட்டாலே பாதி தெளிந்துவிடும். பல படிப்புகளில் முதலாண்டு பெரும்பாலும் பொதுப் பாடங்கள்தான். வரும் ஆண்டுகளின் பாடத்திட்டத்தைப் பார்த்து, சீனியர்களிடம் பேசியபின் முடிவெடுக்கலாம். தூக்கமும் சாப்பாடும் கெட்டுக் கிடக்கும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது மருத்துவர் அல்லது மனநல ஆலோசகர். படிப்பு பற்றிய முடிவு அப்புறம்.

மாறுவது என்றாலும் வழி இருக்கிறது. துறை மாற்றத்துக்குக் கடைசித் தேதியும் மதிப்பெண் நிபந்தனையும் இருக்கும். முடித்த பாடங்களில் எவை புதிய படிப்பில் சேரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சில கல்லூரிகளில் இடத்தை விடாமல் ஒரு பருவம் விடுப்பு எடுக்கலாம். உதவித்தொகை, கல்விக்கடன் என்னவாகும் என்று முன்பே விசாரியுங்கள். சொல்லாமல் வகுப்புக்குப் போகாமல் இருப்பதுதான் மோசமான வழி. கட்டணப் பாக்கியும் தோல்வி மதிப்பெண்ணும் ஏறிக்கொண்டே போகும்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தீர்ப்பைப் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஆசிரியர்களின் வேலை அல்ல. இனி அப்படி அவர்களை அழைக்க வேண்டாம். "இவ்வளவு கட்டியாச்சு" என்று வாயை அடைக்கவும் வேண்டாம். கட்டிய பணத்தில் பெரும்பகுதி, தொடர்ந்தாலும் விட்டாலும் திரும்பி வராது. இனி ஆகும் செலவையும் இனிக் கழியும் வருடங்களையும் வைத்துக் கணக்குப் போடுங்கள். படிப்பை விட்டால் வீட்டுக்கு வராதே என்று யாராவது சொல்லியிருந்தால், தயவுசெய்து இன்றே அதைத் திரும்பப் பெறுங்கள். அந்தப் பயத்தில்தான் பிள்ளைகள் மாதக்கணக்கில் மறைக்கிறார்கள்.

பரிணாமக் கொள்கையைத் தந்த அறிவியலாளர் சார்லஸ் டார்வினின் அப்பா மருத்துவர். மகனும் 1825இல் எடின்பரோவில் மருத்துவம் படிக்கப் போனார், அறுவைச் சிகிச்சையைப் பார்க்க முடியாமல் 1827இல் விட்டுவிட்டார். அப்பா அடுத்துக் காட்டியது பாதிரியார் வேலை. அதற்காகக் கேம்பிரிட்ஜில் சேர்ந்து 1831இல் பட்டம் பெற்றார். அங்கே கிடைத்த தாவரவியல் பேராசிரியர் ஹென்ஸ்லோவின் நட்புதான் அவரை உலகம் சுற்றிய பீகிள் ஆய்வுக் கப்பலில் ஏற்றியது. மகன் எங்கே போய்ச் சேருவான் என்பது அந்த அப்பாவுக்கும் முன்கூட்டித் தெரியவில்லை.

சரி, பேச வேண்டும் என்று தோன்றினால் பிள்ளையையும் அழைத்து வாருங்கள். அலுவலகத்தில் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள், நானும் உட்காருகிறேன். படித்து முடித்த பிறகும் நம் ஆசிரியர்களை நம்பி உங்கள் பிள்ளைகள் வருகிறார்கள். அந்த நம்பிக்கையை வளர்த்த உங்களுக்கு மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்