மிஷின் எடுக்கறதுக்கு முன்னாடி

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதறேன். நீ அனுப்பின மூணு டிரில்லிங் மிஷின் படமும் கிடைச்சுது. கூடவே "இதுல எதும்மா எடுக்கலாம்?"னு ஒரு வரி. பொங்கலுக்கு அப்புறம் நீயா அனுப்பின முதல் சேதி அதுதான். சரி, மிஷின்னு வந்ததும் என் ஞாபகம் வந்துச்சே, அது போதும். போன்ல சொல்லலாம்னா பாதியிலயே "அப்புறம் பேசறேம்மா"ன்னு வெச்சிடறே. அதான் எழுதறேன். முழுசாப் படி.

முதல் படத்துல இருக்கிற சின்னது வேண்டாம். 350 வாட் மோட்டார், அஞ்சு வேகம், துளை போடற பிட் 13 மில்லி வரைக்கும் மாட்டலாம்னு போட்டிருக்கான். விலை குறைச்சல்தான். ஆனா மிஷினைத் தாங்கற பில்லருக்கும் பிட் முனைக்கும் நடுவுல பத்து சென்டிமீட்டர்தான் இடம். பலகை ஓரத்துல இருந்து அதுக்கு மேல உள்ள போக முடியாது. பிட் இறங்கற தூரமும் 50 மில்லியோட நின்னுடும். வேகம் நிமிஷத்துக்கு 580 சுத்துக்குக் கீழ வராது. மரத்துல எப்படியோ சமாளிச்சிடுவே, இரும்புத் தகட்டுல பெரிய ஹோல் போடணும்னு வந்தா பிட்டைக் கருக்கிடுவே. ஆறு மாசத்துல வேற கேப்பே.

மூணாவது படம், மூடின பட்டறையில இருந்து விக்கறாங்கன்னியே அந்தப் பழசு, அதைப் பார்த்ததும் எனக்கே கை துறுதுறுன்னுச்சு. உடம்பு முழுக்க வார்ப்பிரும்பு, டேபிள் நல்ல தடிமன். இப்ப வர்றதுல அந்தக் கனம் இல்லை. ஆனா அது 400 வோல்ட், மூணு ஃபேஸ் மிஷின். உன் கீழ்த்தள ரூம்ல அந்த லைன் இருக்கா? வாடகை வீட்டுல ஓனரைக் கேக்காம இழுக்க முடியாது. அதை அந்தப் படியில இறக்கறதுக்கு நாலு ஆம்பளை வேணும். நீ யாரைக் கூப்பிடுவே?

நடுவுல இருக்கறதை எடு. 16 மில்லி, 550 வாட், சுத்தற தண்டான ஸ்பிண்டில்ல மோர்ஸ் டேப்பர்ங்கற கூம்புக் குழி, ரெண்டாம் நம்பர். நாளைக்கு பிட்டைப் பிடிக்கிற சக்கைக் கழட்டிட்டுப் பெரிய பிட்டை நேரா ஸ்பிண்டில்லயே சொருகலாம். பெல்ட் மாத்தற மிஷின், பன்னண்டு வேகம், 250-க்குக் கீழயும் இறங்கும். மூடியத் திறந்து பெல்ட் மாத்தறது தொந்தரவுன்னு, பட்டனைத் திருகினா வேகம் மாறுற மிஷினுக்கு ஆசைப்படாதே. பெல்ட்ல வேகத்தைக் குறைச்சா பிட்டைச் சுத்தற இழுப்பு கூடும். பட்டன்ல குறைக்கிற மிஷின் பலதுல வேகத்தோட சேர்ந்து இழுப்பும் போயிடும். இரும்புல 3 மில்லி பிட்டுக்கு 2500, 10 மில்லிக்கு 800, 13-க்கு 600. இது உனக்கு மறந்திருக்காது. ஏழாவது படிக்கறப்பவே சுவத்துல சாக்பீஸ்ல எழுதி வெச்சவ நீ.

கடைக்கு நேர்ல போய்ப் பார்த்துதான் வாங்கணும். ஸ்பிண்டில்லை முழுக்கக் கீழ இறக்கி, டிரில் சக்கைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டிப் பாரு. டக் டக்னு கையில தட்டுச்சுன்னா வெச்சிட்டு வா. அப்புறம் ஒரு கட்டைக் கம்பியை 'ட' மாதிரி வளைச்சு சக்குல மாட்டு. கம்பி முனை டேபிளைத் தொட்டும் தொடாம இருக்கற அளவுக்கு இறக்கி, கையாலயே சக்கைச் சுத்து. முன்னாடி, பின்னாடி, ரெண்டு பக்கம், நாலு இடத்துலயும் ஒரே மாதிரி உரசணும். ஒரு பக்கம் உரசி மறுபக்கம் காகிதம் நுழையற அளவு சந்து இருந்தா டேபிள் சாஞ்சிருக்குன்னு அர்த்தம். இடதும் வலதும்னா திருத்திக்கலாம். முன்னும் பின்னும் சாஞ்சிருந்தா திருத்தறது பெரும்பாடு. கடைக்காரன் என்ன நெனப்பான்னு கூச்சப்படாதே. உன் காசு. போகும்போது கூட யாரையாவது கூட்டிட்டுப் போ. மாப்பிள்ளைக்கு சனிக்கிழமை லீவுதானே?

பச்சை பட்டன், சிவப்பு பட்டன் இருக்கற சுவிட்ச்தானான்னு பாரு. கரண்ட் போய்த் திரும்பி வந்தா மிஷின் தானா ஓடக்கூடாது. 2012-ல நம்ம ஊர்ல கரண்ட் எந்நேரம் போகும், எந்நேரம் வரும்னு தெரியாம பட்டறையில பட்ட பாடு உனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை கதையும் தெரியும், திரும்ப எழுத மனசு வரல. கண்ணு, அன்னைக்கு உங்கப்பா ரெண்டு எட்டுத் தள்ளி லேத்துல நின்னார். அதனால மெயினை அடிச்சார். அதனாலதான் அந்தப் பிள்ளை இன்னைக்கு ரெண்டு குழந்தைக்குத் தாயா இருக்கா. சடை மாட்டினவளுக்குத் தன் கையால சுவிட்சை எட்ட முடியாது.

அதனால கேக்கறேன். நீ கீழ மிஷின் ஓட்டறப்ப மேல வீட்டுல ஆள் இருக்குமா?

முடியைக் கொண்டை போட்டுத் துணி கட்டிக்கோ. துப்பட்டா வேண்டாம், கையுறை வேண்டவே வேண்டாம், சத்தியம் பண்ணு. தகடு எவ்வளவு சின்னதா இருந்தாலும் கையில பிடிக்காதே, கவ்விப் பிடிக்கிற வைஸ்ல கட்டு, வைஸை டேபிளோட போல்ட் போட்டு இறுக்கு. பிட் அடிப்பக்கம் வெளிய வர்ற அந்தக் கடைசி நொடியிலதான் தகட்டைக் கவ்வி இழுக்கும், அப்ப கையைத் தளர்த்தி மெதுவா அழுத்து. நீளமான கட்டைன்னா பில்லரோட இடப்பக்கம் முட்டக் கொடுத்துடு. பிட் கவ்வினாலும் பில்லர் தாங்கிக்கும், உன் வயித்துல அடிக்காது. சக்கு சாவியை சக்குலயே விட்டுட்டு சுவிட்ச் போடாதே. இரும்புச் சுருளைப் பிரஷ்ஷால தள்ளு. இதெல்லாம் ஒண்ணுக்கு ரெண்டு தடவை சொல்றேன்னு கோவிச்சுக்காதே. ஒரு ஆள் கூட இருந்தா நான் பாதிதான் சொல்லுவேன்.

இங்க எல்லாரும் சுகம். தம்பிக்கு வேலை நிரந்தரம் ஆயிடுச்சு. கணபதி ரோட்ல வேலை நடக்குது, ஒரே புழுதி. வேற என்ன, எழுத ஒண்ணும் ஓடல.

உங்கப்பா தெருவுல ஒருத்தர் விடாம சொல்றார், எம் பொண்ணு ஜெர்மனியில ஸ்டுட்கார்ட்ல மிஷின் போடறான்னு. 1895-ல கையில பிடிக்கிற கரண்ட் டிரில்லை அந்த ஊர்லதான் ஃபைன் கம்பெனி செஞ்சுதாம், டீக்கடையில அதையும் சேர்த்துச் சொல்லிட்டு வந்திருக்கார். எனக்கும் பெருமையாத்தான் இருக்கு. உன் பி.இ. ஃபீஸ் பம்பு ஃபிளாஞ்சுல ஹோல் ஹோலாப் போட்டுக் கட்டினது. ஹோல் போட நீ சென்டர் பஞ்ச்சால புள்ளி அடிச்ச இடத்துல பிட் வழுக்கினதே இல்லை, இதை உன் எதிர்ல நான் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனா அத்தனை பேர்கிட்ட பெருமை பேசின மனுசன், ராத்திரி நீ அனுப்பின அந்த ரூம் படத்தைப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பார்த்தார். மிஷின் வெக்கற மேஜையைப் பாக்கறார்னு நெனச்சேன். "சுவத்துல ஒரு சைக்கிள்தான் இருக்கு"ன்னார். போன வருசம் அனுப்பின படத்துல ரெண்டு மாட்டியிருந்துச்சே. நான் ஒண்ணும் சொல்லல. ரிப்பேருக்குப் போயிருக்கும்னேன்.

நாங்க துருவிக் கேக்கல கண்ணு. எதுவா இருந்தாலும் எங்ககிட்ட சொல்றதுல உனக்கு ஒரு குறையும் வராது. உங்கப்பா கோவிப்பார்னு நெனச்சா, அவர் அப்படி இல்லை. தலைமாட்டுல போனை வெச்சுக்கிட்டு, நீ எந்நேரம் கூப்பிடுவேன்னு தூங்காம கிடக்கறார். எனக்காக வேண்டாம், அவருக்காகவாவது ஒரு போன் பண்ணு.

அங்க ராத்திரி பத்துக்கு மேல சத்தம் போடக்கூடாது, ஞாயித்துக்கிழமையும் கூடாதுன்னு நீதான் சொன்னே. அப்ப வேலை முடிஞ்சு வந்து அசதியோட நின்னு ஓட்டுவே. அசதியா இருக்கற அன்னைக்கு அந்தக் கதவைத் திறக்காதே. தூக்கம் கெட்ட அன்னைக்கும், அழுத அன்னைக்கும் திறக்காதே.

என் பாஸ்போர்ட் இன்னும் செல்லும். விசாவுக்கு அழைப்புக் கடிதம் நீ அனுப்பணும்னு தம்பி சொல்றான், கிடைச்சா 90 நாள் வரைக்கும் இருக்கலாமாம். பிட் தீட்டறதுக்கு அங்க உனக்கு யார் இருக்கா? 118 டிகிரி கோணம், வெட்டற ரெண்டு உதடும் ஒரே நீளம், கையாலயே தீட்டிக் கொடுப்பேன். நீ மிஷின் ஓட்டு, நான் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துக்கறேன், ஒண்ணும் கேக்க மாட்டேன். இந்த வாரத்துக்குள்ள கடிதத்தை அனுப்பு. மிஷினை நான் வந்தப்புறம் வாங்கிக்கலாம்.

உன் அம்மா